லாபிஸுக்காகத் திரும்பிய டிஷ்

இன்று மத்தியானம் குளுவாங்கில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் மாட்டியிருந்த டிவியில் ஏதோ ஒரு நாட்டின் விண்வெளிப் படை அணிவகுத்துப் போனது. புதுச் சீருடை, தோளில் கோள்வட்டம் தைத்த சின்னம். பக்கத்து மேசையில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் சிரித்துவிட்டார். "மேல போயி எப்படிலா சண்ட போடுவான்? மூச்சு விடக் காத்துகூட இல்லையே அங்க!" என்றார் மனைவியிடம். நீ இருந்திருந்தால் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, "சண்ட மேல இல்ல, அங்கிள்" என்று ஆரம்பித்திருப்பாய். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. காப்பி ஆறிப்போகும்வரை உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

லாபிஸில் ஒரே தெருவில் வளர்ந்தோம். நீ பொறியியல் படிக்க ஸ்கூடாய் போனாய், நான் சட்டம் படிக்கக் கோலாலம்பூர் போனேன். பிறகு இருவரும் ஒரே கம்பெனியில் வந்து சேருவோம் என்று யார் கண்டது? பாலோவுக்கு அப்பால், செம்பனை மரங்களை வெட்டிய மேட்டில், வெள்ளை டிஷ் ஆன்டெனாக்கள் நிற்கும் தரைநிலையம். எந்த நாட்டுச் செயற்கைக்கோளோ நம் தலைக்கு மேலே கடந்துபோகும் சில நிமிடங்களில், அது அனுப்பும் தகவலை வாங்கி அதன் சொந்தக்காரரிடம் சேர்ப்பதுதான் நம் வியாபாரம். நீ டிஷ்களைப் பார்த்தாய். நான் ஒப்பந்தங்களைப் பார்த்தேன்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் என் கையைப் பிடித்துக் கட்டுப்பாட்டு அறைக்கு இழுத்துப் போனாய். திரையில் தட்டையாகக் கிடந்த பச்சைக் கோடு திடீரென்று நடுவில் எழும்பியது. "வந்துட்டான் பாரு!" என்றாய். வெளியே அந்தப் பெரிய டிஷ் ஓசையில்லாமல் தலையைத் தூக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பின்தொடர்ந்தது. "நாம ஒரு கப் தே குடிச்சு முடிக்கிறதுக்குள்ள தாய்லாந்தத் தாண்டிருவான்" என்றாய். என்ன அனுப்புகிறான் என்று கேட்டேன்.

"தெரியாதுடி. பூட்டுப் போட்டு அனுப்புறான். செம்பனைக்கு நோய் வந்திருக்கான்னு பாக்குற படமா இருக்கலாம். போர்க்கப்பல் எங்க நிக்குதுன்னு பாக்குற படமா இருக்கலாம். ரெண்டுக்கும் கண்ணு ஒண்ணுதான்."

இன்னொரு நாள் கேண்டீனில் ரொட்டியைப் பிய்த்தபடி முழுக் கதையையும் சொல்லிவிட்டாய். "மொதல்ல ஆராய்ச்சிக்காரங்க போயி வழி கண்டுபிடிச்சாங்க. பின்னாலயே கடக்காரங்க போனாங்க. கடைக்குக் காவல்னு பட்டாளம் போச்சு. இப்ப என்னன்னா, அந்தக் கடைக்கே பட்டாளம்தான் பெரிய கஸ்டமர். எந்தக் கட யாருக்கு விக்கலாம்னு சொல்றது அரசியல்வாதிங்க." அதைச் சொல்லும்போது உன் குரலில் கசப்பே இல்லை. எப்போதும் அங்கேயே நிற்கும் மலையைப் பற்றிப் பேசுகிறவள் போலப் பேசினாய்.

அதன் பொருள் எனக்கு உறைத்தது அந்த ஆண்டுக் கடைசி மழையில்தான். லாபிஸைச் சுற்றி ஆறு கரை உடைத்தது. தொலைபேசிக் கோபுரம் விழுந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் வீட்டில் இருந்த உன் அக்கா குடும்பத்தைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. மேகம் கலையவே இல்லை, ஹெலிகாப்டரும் பறக்க முடியவில்லை. மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள் ஒன்று இருந்தது. நம் பெரிய வாடிக்கையாளருடையது, தினமும் நம் தலைமேல் போவது. வெள்ளத்தை ஒரே ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டாய். முடியாது என்று பதில் வந்தது. கிழக்கே கடலில் இரண்டு நாடுகளுக்குள் முறைப்பு. அந்த வாரம் முழுவதும் அந்தச் செயற்கைக்கோளின் கண் ஒரு நாட்டின் ராணுவத்துக்கு வாடகைக்குப் போயிருந்தது.

"நம்ம தலைக்கு மேலயே போறான், நம்ம டிஷ்லயே எறங்குறான், நமக்கு மட்டும் காட்ட மாட்டேங்கிறான்" என்றாய். அழவில்லை. உடனே வேறு ஆளைத் தேடினாய். துருவப் பனியை அளக்கச் சில நாடுகள் சேர்ந்து அனுப்பிய ஆராய்ச்சிச் செயற்கைக்கோள் ஒன்று, அதுவும் ரேடார்தான், மறுநாள் காலை ஜொகூரைக் கடக்க இருந்தது. அதன் குழுவிலிருந்த ஒரு பெண், உன்னைப் பார்த்தே அறியாதவள், உடனே பதில் போட்டாள். உங்கள் ஊருக்கு மேலே வரும்போது அதன் கண்ணைத் திறந்துவிடுகிறோம், நேராக வாங்கிக்கொள்ளுங்கள் என்று.

ஆனால் அதை வாங்கக்கூடியது பெரிய டிஷ் மட்டும்தான். அதே நேரத்தில் பெரிய வாடிக்கையாளரின் கோளும் வருகிறது. நம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "ஒப்பந்தம் என்னம்மா சொல்லுது?"

"அவங்க கோள் மேல கடக்குற ஒரு பாஸையும் விடக் கூடாதுன்னு சொல்லுது, சார். விட்டா அவங்க வெலகிப் போகலாம்."

"வெள்ளத்தைக் காரணமாச் சொல்லலாமா?"

"நம்ம டிஷ்ல தண்ணி ஏறலையே, சார். பொய்யாயிரும்."

அவர் உன் பக்கம் திரும்பினார். அக்காவைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வர்றாங்க, சார். யாரப் பாக்கணும்னு நீங்கதான் சொல்லணும்" என்று மட்டும் சொன்னாய். அவர் ஜன்னலுக்கு வெளியே மழையை ஒருமுறை பார்த்தார். பிறகு, "திருப்புங்க. வர்ற பேச்ச நான் வாங்கிக்கிறேன்" என்றார்.

மறுநாள் காலை அந்தப் படம் திரையில் வரி வரியாக விரிந்தது. தண்ணீர் முழுக்கக் கன்னங்கறுப்பு. நாம் சைக்கிள் ஓட்டிய சாலை, கடைத்தெரு, பள்ளித் திடல் எல்லாமே அந்தக் கறுப்புக்குள். அதன் நடுவே அறுபடாமல் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. "ரயில் ரோடு!" என்று கத்தினாய். மேட்டில் போட்ட தண்டவாளம் முழுகாமல் நின்றிருந்தது. கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, கறுப்புக்குள் ஒரு தீவில், பொட்டுப் பொட்டாகக் கூரைகள். அங்கேதான் உன் அக்கா. எங்கோ பனியைப் பார்க்கப் போன கண், மழையையும் மேகத்தையும் தாண்டி நம் ஊர்க் கூரைகளைப் பார்த்துச் சொன்னது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

சாலையைத் தேடித் தேடித் திரும்பிக்கொண்டிருந்த மீட்புப் படையினர், நீ அனுப்பிய படத்தைப் பார்த்து, தண்டவாளத்தின் மேல் படகுகளை இழுத்துப் போய் அங்கிருந்து தண்ணீரில் இறக்கினார்கள். சாயங்காலம் உன் அக்கா நிவாரண மையத்திலிருந்து யாருடைய போனிலோ கூப்பிட்டார். "கோழியெல்லாம் போச்சுடி" என்றுதான் முதலில் சொன்னார். நீ சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாய். அப்புறம்தான் அழுதாய்.

அதற்குப் பிறகு வந்த காணொளிக் கூட்டம் இன்னும் என் காதில் இருக்கிறது. வாடிக்கையாளர் தரப்பில் வக்கீல்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நஷ்டத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டார்கள்: டிஷ்ஷைத் திருப்பச் சொன்னது எந்த நாடு? யாரும் இல்லை என்றோம். நம்பவில்லை. கடைசியில் நீ சொன்னாய், "எங்க ஊரு ஆறு." அவர்கள் சிரிக்கவே இல்லை. ஒப்பந்தம் முறிந்தது. அவர்கள் வேறு நாட்டுத் தரைநிலையத்துக்குப் போனார்கள். அந்த வருஷம் நமக்குப் போனஸ் இல்லை.

நான் கோபத்தில் திட்டியபோது நீ என்னைத் தடுத்தாய். "அவங்க பயமும் நியாயந்தான்டி. ஒரு டிஷ் திரும்புனா ஒரு நாடே திரும்புதுன்னு நெனைக்கிறாங்க. அவ்வளவு பெருசாயிருச்சு இது, யோசிச்சுப் பாரு!" பிறகு புத்ராஜெயாவில் ஒரு கூட்டத்துக்கு உன்னைக் கூப்பிட்டார்கள். நம்மைப் போன்ற சின்ன நாடு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு ராணுவ அதிகாரி கேட்டாராம். சொந்தமாக ஒரு கண் இருந்தால் நல்லது, அதுவரை பலரோடும் சிநேகமாக இருக்க வேண்டும், ஒருவர் கதவை மூடினால் இன்னொருவர் திறக்க வேண்டும் என்று சொன்னாயாம்.

பிறகு உனக்கு ரத்தத்தில் புற்றுநோய் வந்தது. ஜொகூர் பாரு மருத்துவமனையில் நான் உன்னைக் கடைசியாகப் பார்த்த நாளில், என் போனை வாங்கி ஒரு ராக்கெட் கிளம்புவதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தாய். உளவுக் கோளைச் சுமந்து போகும் ராக்கெட் அது. தெரிந்தேதான் பார்த்தாய். "யாருக்காகப் போறான்னு தெரியும். இருந்தாலும் பாரேன்டி, எப்படிப் போறான்!" என்றாய். உன் கண்கள் பெரிதாகிவிட்டிருந்தன.

போன மாதம் ஒரு புது ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்த மண்ணில் உயிராபத்து வந்தால் எங்கள் டிஷ்கள் முதலில் எங்களுக்கே என்று ஒரு வரி சேர்த்தேன். அதைப் பார்த்துச் சிலர் விலகிப்போனார்கள். ஒரு கம்பெனி மட்டும் ஏற்றுக்கொண்டது. இனி எந்த ஒப்பந்தத்திலும் அந்த வரியை விட மாட்டேன்.

கையெழுத்து முடிந்ததும் வெளியே வந்து நின்றேன். பெரிய டிஷ் அடிவானத்தை நோக்கித் திரும்பியது. வருகிறவன் யார், யாருக்காக எதைச் சுமக்கிறான், எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் கடந்து முடியும்வரை, வெயிலில், வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.