கேரட் வண்டிக்கு நாலு ஸ்டார்

மே 5, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். நேற்றுத் துவைத்த துணி கொடியில் இன்னும் ஈரமாகவே. மலைமேல் இந்தப் பேத்துப்பாறையில் மே மாதத்தில்கூடத் துணி காயாது என்று கல்யாணத்துக்கு முன்னால் ஒருத்தரும் சொல்லவில்லை.

இன்றைய வேலை: நான் செய்த மொபைல் கேமின் ஐகானை மாற்றுவது. காரணம் முயல். ஸ்டோரில் 'கேரட்' என்று தேடினால் முயல்தான் வருகிறது. முயல் ஓடுகிறது, முயல் குதிக்கிறது, ஒரு முயலுக்குக் கல்யாண அலங்காரம்கூட நடக்கிறது. என் 'கேரட் வண்டி' எங்கே? கட்டைவிரல் வலிக்கிறவரை தள்ளிக்கொண்டே போனேன். முயல் எல்லாம் முடிந்து, சமையல் விளையாட்டு முடிந்து, பல் டாக்டர் விளையாட்டும் முடிந்து, அதற்கும் கீழே கிடக்கிறது. மன்னவனூரில் மூட்டை ஏற்றி, பனியில் வளைவு வளைவாக இறங்கி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கொண்டு சேர்க்கிற விளையாட்டு. ஒன்றரை வருஷ உழைப்பு. பல் பிடுங்குகிறவனுக்குக் கீழே.

பாண்டி டூரிஸ்ட் ஜீப்பைத் துடைத்துவிட்டு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். (கட்டினவர் பேரை எழுதலாமா என்று மாமியார் கேட்பார். கேட்கட்டும், இதை அவர் படிக்கப் போவதில்லை.)

"நம்ம வண்டி எங்க புள்ள நிக்குது?"

"கீழ."

"எம்புட்டுக் கீழ?"

"மலைக்குக் கீழ, வத்தலக்குண்டுல நிக்குது."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோவை ஆபீஸிலிருந்து மெசேஜ். பழைய வேலைக்குத் திரும்புவதாக இருந்தால் மாதக் கடைசிக்குள் சொல்லணுமாம். நானும் பாண்டியும் ஏற்கெனவே பேசி வைத்ததுதான்: சீசன் முடிவதற்குள் கேம் நாலு பேர் கண்ணில் படவில்லை என்றால் நான் கோவை, அவர் இங்கே ஜீப்போடு. சனிக்கிழமை பஸ், ஞாயிற்றுக்கிழமை பஸ். ஏற்கெனவே இரண்டு வருஷம் பட்டாச்சு. இன்னொரு தடவை முடியாது சாமி.

மே 7, புதன்

மழை. நெட் வருவதும் போவதுமாக.

திவ்யா போன் செய்தாள். கோவையில் என் பக்கத்து சீட், இப்போது அவளும் சொந்தமாக கேம் செய்கிறாள். வெளியிட்ட முதல் சில வாரம்தான் எல்லாமே என்கிறாள். "ஆளுங்க இறக்கினாத்தான்க்கா ஸ்டோர் மேல தூக்கிக் காட்டும். மேல காட்டினாத்தான் ஆளுங்க இறக்குவாங்க." அப்படியென்றால் எங்கே ஆரம்பிப்பது? "அதான்க்கா யாருக்கும் தெரியல." நல்லா இருக்கு கதை.

செய்தது:
- புது ஐகான். லாரி, பனி, பின்னால் ஒரே ஒரு கேரட். முயல் வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன்.
- ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றிலும் எழுத்தைப் பெரிதாக்கியது.
- ஸ்டோர்காரர்கள் 'புது வரவுகள்' என்று ஒரு பக்கம் போடுகிறார்கள். அதற்கு விண்ணப்பம். பதில் வராவிட்டால் தேர்வாகவில்லை என்று எடுத்துக்கொள்ளணுமாம்.
- மதுரையில் கேம் வீடியோ போடுகிற ஒருவருக்கு மூன்றாவது தடவையாக மெசேஜ். பார்த்துவிட்டார். பார்த்ததோடு சரி.

ராத்திரிச் சாப்பாட்டில் பாண்டி, "அப்ப என்னதான் செஞ்சா மேல வரும்?" என்றார். பெரிய விளக்கமெல்லாம் சொல்லித் தலையைத் தின்னாமல், ஆளுங்க ஸ்டார் போடணும், ரெண்டு வரி எழுதணும் என்றேன்.

"ஸ்டாரா? இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

என்று சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தார்.

மே 10, சனி

வந்துவிட்டது. ஒரு ரிவ்யூ!

திவ்யா இல்லை, என் தம்பி இல்லை, அவன் ஃப்ரெண்ட்ஸ் இல்லை. யாரென்றே தெரியாத மனுஷர். பேர் போடாமல் வெறும் 'லாரிக்காரர் மகன்' என்று இருக்கிறது. அப்படியே இங்கே எழுதி வைக்கணும் என்று நினைத்தேன், அடுப்பில் பால் பொங்கிவிட்டது. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம், எங்கே ஓடிப்போகிறது. அவர் சொன்னது இதுதான்: பனியில் ஹார்ன் அடித்தால் எதிர்வளைவிலிருந்து பதில் ஹார்ன் வருகிறது, அவர் அப்பா லாரி ஓட்டினவர், அந்தச் சத்தம் கேட்டதும் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாராம்.

அந்தப் பதில் ஹார்ன்! அதற்காக மட்டும் ஒரு மாதம் போனது. பாண்டி சொல்லிக் கொடுத்தது: பனியில் வளைவுக்கு முன்னால் சின்னதாக இரண்டு, எதிரில் வண்டி இருந்தால் அவனும் இரண்டு. பதில் வந்தால் ஓரம் கட்டு. பூம்பாறை தாண்டி நிஜ ஜீப்பை நிறுத்திப் பதிவு செய்தோம். "இத யாரு கவனிக்கப் போறா" என்று திவ்யா அப்போதே சொன்னாள். கவனித்துவிட்டார் ஒருத்தர்!

நாலு ஸ்டார். மூன்றாவது வளைவில் மூட்டை லேசில் விழுந்துவிடுகிறதாம். விழத்தான் செய்கிறது. எனக்கும் தெரியும், சரி செய்யணும்.

பாண்டியிடம் காட்டினேன். முழுசும் படித்தார். ஹார்ன் வந்த இடத்தை இரண்டு தடவை படித்தார். அப்புறம் முகம் மாறியது.

"இம்புட்டு எழுதிட்டு நாலுதானா? ஒண்ண எதுக்குப் பிடிச்சுக்கிட்டான்?"

"நாலு நல்ல மார்க்குங்க."

"எங்க ஜீப் ஸ்டாண்டுல நாலு வாங்கினா அன்னிக்குச் சோறு எறங்காது."

அதுவும் உண்மைதான். இந்த ஊரில் ஸ்டார் கேட்டு வாங்குவதுதான் வழக்கம். ஹோம்ஸ்டேக்காரர், சாக்லேட் கடைக்காரர், ஜீப்காரர், எல்லாரும். ட்ரிப் முடிந்து இறக்கிவிடும்போதே "சார், மேப்புல நமக்கு ஒரு அஞ்சு போட்டு விட்ருங்க" என்று நின்று, போட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியைத் திருப்புவார்கள். கேட்க வெட்கப்பட்டால் சீசன் போய்விடும்.

மே 14, புதன்

வெயில்! துணி காய்ந்தது. கேமும் ஏறுகிறது.

நேற்று சாயங்காலத்திலிருந்து ஸ்டார் ஸ்டாராக வந்து விழுகிறது. எல்லாமே அஞ்சு. 'சூப்பர்', 'வெரி நைஸ்', 'வாழ்த்துகள் சிஸ்டர்'. 'கேரட்' என்று தேடினேன், பல் டாக்டரைத் தாண்டிவிட்டோம். சமையலுக்குப் பக்கத்தில் நிற்கிறது வண்டி. திவ்யாவுக்கு போன் போட்டுக் கத்தினேன். மாமியார் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். கோவைக்கு 'வரவில்லை' என்று மெசேஜ் தட்டி வைத்தேன், அனுப்பவில்லை.

மத்தியானம் ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்தேன். ஒருத்தர் எழுதியிருக்கிறார்: 'டிரைவர் அண்ணன் ரொம்பப் பொறுமை. வண்டி நீட். கேம் ஊருக்குப் போய்த்தான் விளையாடணும்.'

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பாண்டி சாப்பிட வந்தார். "என்னங்க செஞ்சீங்க?" என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. மன்னவனூர் ட்ரிப்பில் வழியெல்லாம் டவர் கிடையாது. ஆட்டுப்பண்ணைக்கு முன்னால் ஒரே ஒரு வளைவில்தான் கிடைக்கும், வேகவைத்த சோளம் விற்கிற இடம். அங்கே நிறுத்தி, பார்ட்டிக்கு நெட் இல்லையென்றால் தன் போனிலிருந்தே கொடுத்து, கேமை இறக்க வைத்து, அஞ்சு போட வைத்திருக்கிறார். போட்டவர்களுக்குச் சோளம் இவர் செலவு.

"நான் மட்டுமில்ல புள்ள. ஸ்டாண்டுல அம்புட்டுப் பேரும் செய்றாய்ங்க. நம்ம வீட்டுப் புள்ள செஞ்சதுன்னு சொன்னேன், ஒருத்தனும் மாட்டேங்கல. வெள்ளனே போறவன்லேர்ந்து கடைசி ட்ரிப்புக்காரன் வரைக்கும்."

"அப்படிக் கேட்டு வாங்கக் கூடாதுங்க. சோளம் குடுத்தா அது லஞ்சம் மாதிரி."

"என்ன லஞ்சம்? பொய்யா சொல்லச் சொன்னேன்? கேமு நல்லாத்தான இருக்கு?"

நிறுத்திவிடுங்கள் என்றேன். சரி என்றார். கையைக் கழுவப் போனவர் தட்டில் பாதிச் சோறு மிச்சம்.

மே 16, வெள்ளி

மெயில் வந்துவிட்டது. கண்ணியமான மெயில். 'அன்புள்ள டெவலப்பருக்கு.' உங்கள் செயலிக்கு வந்த மதிப்பீடுகள் இயல்பாக வந்தவையாகத் தெரியவில்லை. எல்லா மதிப்பீடுகளும் நீக்கப்பட்டுள்ளன. தேடலில் செயலி காட்டப்படாது. புதிய பதிப்புகள் ஏற்கப்படமாட்டா. மேல்முறையீடு செய்யலாம்.

எல்லா மதிப்பீடுகளும். லாரிக்காரர் மகனுடையதும்.

அதைத்தான் முதலில் தேடினேன். இல்லை. 'நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்' என்று எழுதியிருக்கிறேனே மகராசி.

திவ்யா சொன்னாள்: "ஒரே இடம், ஒரே கனெக்‌ஷன், எல்லாம் அஞ்சு. காசு குடுத்து வாங்குற கும்பலும் இப்படித்தான்க்கா இருக்கும். மெஷினுக்கு எப்படித் தெரியும் அது சோளக்கடைன்னு?"

மேல்முறையீட்டுப் படிவம். கேள்வி: மதிப்பீட்டுக்குப் பதிலாக நீங்களோ உங்களைச் சார்ந்தவர்களோ எதையாவது கொடுத்ததுண்டா? ஆம், இல்லை. திவ்யா 'இல்லை'யைப் போடச் சொல்கிறாள். 'ஆம்' போட்டேன். பொய் சொல்லி அதிலும் மாட்டிக்கொண்டால் மொத்தக் கணக்கும் போய்விடும் என்ற பயம்தான், பெரிய சத்தியவதி எல்லாம் இல்லை. கீழே விளக்கம் எழுத ஒரு சின்னப் பெட்டி. பாதியிலேயே நிரம்பிவிட்டது.

பாண்டியிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாதே.

ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்தார். அப்புறம், "அவங்க ஆபீஸு எங்க இருக்கு?"

"தெரியலங்க."

"பெங்களூரா? ஜீப்ப எடுத்தா ஒரு நா ராத்திரி. நான்தான் செஞ்சேன், அவளுக்குத் தெரியாதுன்னு நேர்ல சொல்லிப்புடுறேன்."

"அங்க ஆள் கிடையாதுங்க. மெஷின்தான் பாக்குது."

"மெஷினுக்குப் பொறத்தால ஒருத்தன் இருப்பான்ல?"

இருப்பான் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மே 19, திங்கள்

மழை. கரன்ட் இல்லை, லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜில் மூன்றாவது வளைவு மூட்டையைச் சரி செய்தேன். இப்போது விழவில்லை. யாருக்காக? அனுப்பவே முடியாது. சும்மா இருக்க முடியவில்லை, செய்தேன்.

மேல்முறையீட்டுக்குப் பதில். மே 16 மெயிலில் இருந்த அதே பத்தி, ஒரு எழுத்து மாறவில்லை. கடைசியில் மட்டும் ஒரு வரி புதுசு: இந்த முடிவு இறுதியானது.

'கேரட் வண்டி' என்று முழுப் பேரையும் போட்டுத் தேடினேன். முயல்.

மே 20, செவ்வாய்

பாண்டி வந்ததும் நேராகச் சமையல்கட்டுக்கு வந்து நின்றார். ஏதோ சோலி இருப்பது போலத் தம்ளரை எடுத்தார், வைத்தார்.

"இன்னிக்குத் திருச்சி பார்ட்டி. பனியில ரெண்டு ஹார்ன் அடிச்சேன், கீழருந்து பதில் வந்துச்சு. பின்னாடி உக்காந்திருந்த அம்மா, 'இது மாதிரியே ஒரு கேம் இருக்காமே, அதோட பேரு என்ன'ன்னு கேட்டுச்சு. நானா ஒண்ணும் சொல்லல புள்ள, சத்தியமா. அதுவாத்தான் கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மேல் கோபம் வரும் என்று நாலு நாளாகக் காத்திருக்கிறேன், வரமாட்டேன் என்கிறது. வந்தாலாவது கத்தித் தீர்த்துவிடலாம்.

மே 22, வியாழன்

கோவைக்கு 'வருகிறேன்' என்று அனுப்பியாச்சு. ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பஸ். பேகில்: சார்ஜர், ஐ.டி. கார்டு, ஆபீஸ் செருப்பு. ஸ்வெட்டர் வேண்டாம். பாண்டி வெள்ளனே எழுந்து பஸ் ஸ்டாண்டு வரை ஜீப்பில் விடுகிறேன் என்கிறார். இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் என்ன அவசரம் என்று எரிந்து விழுந்தேன். பாவம்.

மத்தியானம் ஒரு மெயில். ஸ்டோர் இல்லை, ஆள். கேமுக்குள் அடியில் என் மெயில் முகவரி போட்டிருந்தேன், அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். லாரிக்காரர் மகன். இந்தத் தடவை முதல் வேலையாக அப்படியே எழுதி வைக்கிறேன்:

'வணக்கம்மா. உங்க கேம் இப்போ தேடினா வரலை. என் போன்ல இருக்கு, தினம் விளையாடறேன். நான் எழுதினதும் அங்கே காணோம். நாலு ஸ்டார் போட்டது உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சோ, அதான் எடுத்துட்டீங்களோன்னு நினைச்சேன். தனியா உக்காந்து செஞ்சவங்களுக்கு ஒண்ணைக் குறைச்சிருக்கக் கூடாது. மூட்டை விழறது அப்படி ஒண்ணும் பெரிய குறை இல்லை. அஞ்சா மாத்திடறேன். தயவுசெஞ்சு கேமைத் திரும்ப வைங்க.'

பாண்டியும் படித்தார். "நல்ல மனுசன்" என்றார். வாசலுக்குப் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார், ஸ்டார்ட் பண்ணவில்லை.

பதில் எழுத உட்கார்ந்தேன். 'நாலுதான் சார் சரி. மூட்டை விழத்தான் செய்தது.' அதைச் சரி செய்துவிட்டேன் என்றும் எழுதினேன், அப்புறம் அழித்தேன்.