நாற்பத்தொரு வரிப் பட்டியலும் என் தொண்டைச் சத்தமும்

அனுப்புநர்:
அ. ஸௌம்யா, பி.காம்., வயது 23,
த/பெ. அழகியமணவாளன்,
சன்னதித் தெரு,
சின்ன காஞ்சிபுரம்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
கூட்டுறவுச் சங்க எழுத்தர் தேர்வுக் குழு,
காஞ்சிபுரம்.

பொருள்: 17-11-2002 அன்று நடந்த எழுத்தர் பணித் தேர்வில் நான் சத்தத்தின் மூலம் விடை சொன்னதாகவும், முன் இருக்கையில் இருந்த திரு யேசுதாஸ் அதைக் கேட்டு எழுதியதாகவும் கூறப்பட்ட குற்றச்சாட்டு – உண்மை நிலையைத் தெரிவித்தல் – அவர்மீதான நடவடிக்கையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 23-12-2002.

மதிப்பிற்குரிய ஐயா,

வரும் 20-ஆம் தேதி விசாரணைக்கு நேரில் வரும்படி எனக்குக் கடிதம் வந்துள்ளது. கட்டாயம் வருவேன். ஆனால் மூன்று அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து, நடுவில் சத்தம் வராமல் ஒரு வாக்கியத்தைக்கூட என்னால் சொல்லி முடிக்க இயலாது. ஆகவே சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுதித் தருகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கிறது. முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

1. தேர்வன்று எனக்கு அறை எண் 11-இல், சன்னல் ஓரம் மூன்றாவது இருக்கை. எனக்கு முன் இருக்கையில் திரு யேசுதாஸ் இருந்தார். அன்றைக்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. அன்றும் அவருடைய முதுகைத்தான் பார்த்தேன். அவர் பெயரே தங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

2. மூன்று மணி நேரத் தேர்வு பத்து மணிக்குத் தொடங்கியது. சிறிது நேரத்திலேயே என் தொண்டையிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. ஒரு முறை வரும், சில சமயம் இரண்டு, மூன்று என்று அடுத்தடுத்து வரும். கூடவே கழுத்து இடப்பக்கம் வெட்டி இழுக்கும். அறைக் கண்காணிப்பாளர் திரு தனசேகரன் என் பக்கத்தில் வந்து நின்று, "யாருக்குமா கொரல் குடுக்கற?" என்று கேட்டார். அறையில் இருந்த நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறர் பார்க்கும்போது இந்தச் சத்தம் கூடுமே தவிரக் குறையாது. கூடியது. அவர் என்னை விட்டு நகரவில்லை. நானும் பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தேன். நின்று கவனிக்கக் கவனிக்க அதிகமாகச் செய்கிறாள், எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று அவர் நினைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

3. திரு தனசேகரன் அவர்களைக் குறை சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. அவர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவர்கள் வீட்டுத் தறியில் கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாகச் சேலை நெய்யும்போது, இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் உட்காருவார்களாம். பேசினால் இழை எண்ணிக்கை தவறிவிடும் என்பதால், ஊடை நூல் ஓட்டும் நாடாக்களில் எப்போது எதைத் தள்ள வேண்டும் என்பதை ஒரு செருமல், இரண்டு செருமல் என்றே தெரிவித்துக்கொள்வார்களாம். இதைத் தலைமைக் கண்காணிப்பாளரிடம் அவரே விளக்கினார். "தறிக்காரன் வூட்ல பொறந்தவன் சார் நானு. செருமலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா?" என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். என் தொண்டையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. இருக்கை அட்டவணையின் பின்பக்கத்தில் மணி, நிமிடம், எத்தனை சத்தம் என்று வரி வரியாக எழுதத் தொடங்கினார்.

4. இனி எழுதப்போவது என் தவறு. தலைமைக் கண்காணிப்பாளர் வந்து என்ன சத்தம் என்று கேட்டபோது, "சளி சார்" என்றேன். எனக்குச் சளி இல்லை. இருமவும் இல்லை, மூக்கை உறிஞ்சவும் இல்லை. பொய் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. யார் கேட்டாலும் சளி என்று சொல்ல வேண்டும் என்பது பன்னிரண்டு வயதிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குப் பழக்கிய பதில். பதினொரு வருடமாகச் சளி பிடித்த பெண் நான். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால், ஒருவேளை என்னைத் தனியாக ஓர் அறையில் உட்கார வைத்திருப்பார்கள். முன்னால் இருந்தவர் பாட்டுக்குத் தேர்வை எழுதி முடித்துவிட்டுப் போயிருப்பார். 11.25 மணிக்கு அவரை எழுப்பி வெளியே அனுப்பினார்கள், என்னைத் தொடர்ந்து எழுத விட்டார்கள். அவர் விடைத்தாளை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு, "என்னா சார் பண்ணேன்?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

5. உண்மை இதுதான். எனக்கு இருப்பது டூரெட் சிண்ட்ரோம் என்ற நரம்புக் கோளாறு. ஏழு வயதில் கண் சிமிட்டலாகத் தொடங்கியது. பன்னிரண்டு வயதில் தொண்டைச் சத்தமும் சேர்ந்துகொண்டது. பள்ளியில் ஆசிரியர்கள் கொழுப்பு என்றார்கள், உறவினர்கள் திருஷ்டி என்றார்கள். பத்தொன்பது வயதில் சென்னையில் ஒரு நரம்பு மருத்துவர்தான் இதற்குப் பெயர் சொன்னார். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தும்மலை அடக்குவது போலச் சிறிது நேரம் அடக்கலாம். அடக்கியதெல்லாம் பிறகு வட்டியோடு வரும். பதற்றமானால் அதிகமாகும். பாடும்போது வராது. தேர்வு அறையில் பாட முடியாதல்லவா? செவிலிமேடு போகும் நகரப் பேருந்தில், நிற்க இடமில்லாத காலை நேரத்திலும் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். இந்த நோயினால் நான் கண்ட லாபம் அது ஒன்றுதான். மருத்துவர் சான்றின் நகலை இணைத்துள்ளேன். நான்கு வருடமாக எங்கள் வீட்டு பீரோவில் மடித்து வைத்திருந்த காகிதம் அது. வீட்டில் மூவரைத் தவிர இதுவரை யாரும் பார்த்ததில்லை.

6. திரு தனசேகரன் எழுதிய பட்டியலின் நகலைத் தாங்கள் கடிதத்துடன் அனுப்பியிருந்தீர்கள். மொத்தம் நாற்பத்தொரு வரிகள். பலமுறை படித்துவிட்டேன். அவர் மனசாட்சியோடு எழுதியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏனென்றால் தனக்குச் சாதகமில்லாதவற்றையும் எழுதியிருக்கிறார். ஒன்பது வரிகளில் சத்தத்தின் எண்ணிக்கை ஐந்துக்கு மேல் இருக்கிறது, ஒன்றில் பதினொன்று. நான்கு விடைகளே உள்ள கேள்விக்குப் பதினொன்றாவது விடையை நான் எங்கிருந்து சொல்வேன்? அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பட்டியலின் கடைசி ஆறு வரிகள் 11.25 மணிக்குப் பிந்தியவை. அப்போது என் முன் இருக்கையில் யாரும் இல்லை. காலிப் பலகையின் பின்னால் உட்கார்ந்து நான் யாருக்காக விடை சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை விசாரணைக் குழு யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

7. கடிதம் வந்த நான்காம் நாள், திரு யேசுதாஸின் தாயார் எல்லம்மாள் திருப்புட்குழியிலிருந்து விலாசம் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். என் தாயார் உள்ளே அழைத்த பிறகும் வரத் தயங்கினார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்ததில் எனக்குச் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டு, "தொண்ட காயுதாமா? தண்ணி குடிமா, நான் இருக்குறேன்" என்றார். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். "எம்புள்ளைக்கு இதான் கடைசிப் பரிட்சமா. ஜூன் வந்தா வயசு தாண்டிடும். ஜெராக்ஸ் கடைல நின்னுக்கினே படிச்சான். நீ எதுக்குக் கொரல் குடுத்தன்னு நான் கேக்கல. அவன் உன்னக் கேக்கலன்னு மட்டும் ஒரு வரி எழுதிக் குடும்மா." அந்த ஒரு வரியை அன்று நான் எழுதிக் கொடுக்கவில்லை. அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பேருந்துக்கு நடந்து போனார்.

8. மறுநாள், தங்கள் அலுவலகத்தில் வேலை செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் என் தந்தையாரைப் பார்க்க வந்தார். பெயர் சொல்லவில்லை. உண்மையிலேயே தங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தவர்தானா என்பதும் எனக்குத் தெரியாது. தட்டச்சு செய்த ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். முன் இருக்கையில் இருந்தவர் தேர்வு தொடங்கும் முன்பே என்னை மிரட்டி விடை கேட்டதாகவும், பயத்தினால் நான் சத்தம் செய்ததாகவும் அதில் எழுதியிருக்கிறது. அடியில் என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. "பொண்ணு பேர் கெடாது சாமி. பழி அவன் பக்கம் போயிடும், அவனுக்குன்னு கேக்க யாரு வரப்போறா?" என்று அவர் சொன்னபோது நான் உள் அறையில் இருந்தேன்.

ஐயா, இந்த இடத்தில் என்னால் மரியாதைத் தமிழில் எழுத முடியவில்லை, ஆனாலும் முயல்கிறேன். அந்தத் தாளை எழுதியவருக்கு எங்கள் தெருப் பெயரும் தெரியும், திரு யேசுதாஸின் ஊர்ப் பெயரும் தெரியும். இந்த இரண்டையும் வைத்தே யார் மிரட்டியிருப்பார், யார் பயந்திருப்பார் என்று முடிவு செய்துவிட்டார். எனக்கு அது வெட்கமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. நான் பயந்தது உண்மை. பயந்தது என் தொண்டைக்கு, அவருக்கு அல்ல. அந்தத் தாளையும் கையெழுத்திடாமல் அப்படியே இணைத்துள்ளேன்.

9. என் தந்தையார் ஒரு பள்ளியில் சமஸ்கிருத ஆசிரியர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவரே இரண்டு நாள் அந்தத் தாளை என் முன்னால் வைத்து, "ஒரு கையெழுத்துத்தானேம்மா. வியாதின்னு ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு ஒன்னை யார் பண்ணிப்பா?" என்று கேட்டார். கேட்கும்போது அவருக்குக் கண் கலங்கியது. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு வரன் பார்க்கும் இடங்களிலெல்லாம் அவரும் எனக்காகச் சளி என்று சொல்லி வருபவர். ஆனால் ஒரு பொய்க்கே இன்னொருவரின் வேலை வாய்ப்பு போயிருக்கிறது. அதைக் காப்பாற்ற இரண்டாவது பொய் சொன்னால் அவருடைய பெயரும் போய்விடும். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

10. இன்னொன்றையும் நானே சொல்லிவிட வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் உடல்நலக் குறைபாடு ஏதேனும் உண்டா என்ற இடத்தில் நான் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். இந்த மனுவோடு மருத்துவச் சான்றைத் தருவதால் அது தவறான தகவல் என்று ஆகிவிடும். அதற்காக என் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்பது விதிமுறைப் புத்தகத்தில் இருக்கிறது. படித்துவிட்டுத்தான் இணைக்கிறேன். எனக்கு இந்த வேலை வேண்டும், ஐயா. எழுத்தர் வேலையில் யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை, தாளோடுதான் பழக வேண்டும் என்பதற்காகவே ஆசைப்பட்டு விண்ணப்பித்தேன்.

11. ஆகவே நான் கேட்டுக்கொள்வது:

அ) என்னுடைய விடைத்தாளையும் திரு யேசுதாஸின் விடைத்தாளையும் அந்தப் பட்டியலையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எளிய கேள்விகளுக்கு இருவரும் ஒரே விடை எழுதியிருக்கலாம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் விடைகளுக்கும் பட்டியலில் உள்ள எண்களுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆ) திரு யேசுதாஸ் மூன்றாண்டுகள் தேர்வு எழுதக் கூடாது என்று தங்கள் கடிதத்தில் விதித்துள்ள தடையை நீக்கி, அவர் இழந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஈடாக, ஜூன் மாதத்துக்கு முன் அவருக்குத் தனியே மறுதேர்வு நடத்த வேண்டும்.

இ) என்மீது எடுக்க வேண்டிய நடவடிக்கை எதுவானாலும், தவறான தகவல் தந்ததற்காகவும் சளி என்று சொன்னதற்காகவும் எடுங்கள். விடை சொன்னதற்காக எடுக்க வேண்டாம், அதை நான் செய்யவில்லை.

ஈ) எனக்கானது, திரு யேசுதாஸுக்கானது ஆகிய இரண்டில் ஒரு கோரிக்கையை மட்டுமே ஏற்க முடியும் என்ற நிலை வந்தால், அவருடையதை ஏற்கவும்.

12. எல்லம்மாள் கேட்ட ஒரு வரியை இங்கே எழுதித் தருகிறேன். தேர்வுக்கு முன்போ, தேர்வு நடக்கும்போதோ, அதன் பிறகோ திரு யேசுதாஸ் என்னிடம் எதையும் கேட்கவில்லை. இதன் நகல் ஒன்றை இன்றே எல்லம்மாளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 20-ஆம் தேதி என்னையும் திரு யேசுதாஸையும் ஒரே அறையில் விசாரிப்பதாகக் கடிதத்தில் உள்ளது. தாங்கள் முதல் கேள்வி கேட்கும் முன்பே எனக்குச் சத்தம் வந்துவிடும். என் கழுத்து திரும்பும். அது அவர் உட்கார்ந்திருக்கும் பக்கமாகவே திரும்பக்கூடும். தாங்கள் பார்க்கப் பார்க்க இன்னும் அதிகமாகும். அப்போது தங்கள் அருகில் யாராவது பேனாவை எடுத்தால், எத்தனை சத்தம் என்று தாராளமாக எழுதிக்கொள்ளட்டும். அவர் பெயருக்கு நேராக மட்டும் எழுத வேண்டாம்.

இவை அனைத்தும் நானே என் கைப்பட எழுதியவை.

இடம்: சின்ன காஞ்சிபுரம்
நாள்: 06-01-2003

(ஒப்பம்)
அ. ஸௌம்யா

இணைப்பு: 1. மருத்துவர் சான்று நகல். 2. நாற்பத்தொரு வரிப் பட்டியலின் நகல். 3. கையெழுத்திடப்படாத வாக்குமூலத் தாள்.

சாட்சி:
என் மகள் எழுதியது உண்மை. அவளுக்குச் சளி இல்லை.
(ஒப்பம்)
அ. குமுதவல்லி, தாயார்