மாப்பிள்ளை, உங்கள் பக்கத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டேன்

என் தங்கச்சியை ஒரே ஒரு நாள் மட்டும் அழவைத்துவிட்டுப் போன மாப்பிள்ளைக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்த் தண்ணீருக்கு போர் போடுகிற மனுசன், போட்ட ஊரையெல்லாம் இன்டர்நெட்டில் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தபோது திருச்செங்கோடே சிரித்தது. நான் ஒருத்தன்தான் சிரிக்கவில்லை. நானும் சிரித்தேன் என்று என் தங்கச்சி சரசு சொல்வாள். அவளுக்கு ஞாபக மறதி.

"மாப்ள, இது நிக்குமுங்க. நாளைக்கு நாலு பேரு தேடி வந்து படிப்பாங்க. கூட்டம் சேந்தா குப்பையும் சேரும். அதைக் கூட்டறதுக்கு நான்தான் வரோணும்" என்று ஜேடர்பாளையம் அணை மேல் நின்று சொன்னேனா இல்லையா? அன்றைக்குக் காவிரி கரை புரண்டு ஓடியது. சாட்சிக்கு வேறு யாரும் இல்லை.

நீங்கள் போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. வருசத் திதிக்காக வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டோம். மாட்டுக் கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. வண்டியை உங்கள் பழைய டிரில்லரே எடுத்து ஓட்டுகிறார். முன்பக்கம் உங்கள் பெயரை அழிக்கவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டிய சேதிகள் இவ்வளவுதான். மீதியெல்லாம் இன்டர்நெட்டில் நீங்கள் எழுதிய 'குழாய் இறங்கிய ஊர்கள்' பக்கத்தைப் பற்றியது.

சரசு தினமும் காலையில் காபியை ஆறவிட்டுப் போனில் உங்கள் பக்கத்தைத் திறக்கிறாள். நீங்கள் எழுதியதைப் படிப்பதில்லை, அதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கீழே மற்றவர்கள் எழுதியிருப்பதைத்தான் படிக்கிறாள். வடக்கே வண்டி ஓட்டுகிற நம் பக்கத்து ஆட்கள் இன்னமும் எழுதுகிறார்கள். "அண்ணே, நீங்க அனந்தபூர் பக்கம் போட்ட போர் ஓடுதுங்க, நேத்து அதுலதான் குளிச்சேன்" என்று ஒருத்தர். "உங்க போர்த் தண்ணியில கடலை போட்டிருக்காங்க, ஒரு மூட்டை குடுத்து விட்டாங்க" என்று இன்னொருத்தர். நீங்கள் இல்லை என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் உங்களிடம் சொல்வது போலத்தான் எழுதுகிறார்கள்.

"அவரு எங்கியோ லைன்ல இருக்கறாப்பல இருக்குதுங்ணா" என்று ஒருநாள் சொன்னாள். வண்டியோடு வடக்கே போய்விட்டால் அதற்கு 'லைன்' என்றுதானே நம் வீட்டில் பேர்.

ஆனால் நான் சொன்னபடியே குப்பையும் சேர்ந்தது. கடன் வேண்டுமா, முடி வளர எண்ணெய் வேண்டுமா, பிரிந்தவர் சேர வசியம் வேண்டுமா என்று கண்ட கண்ட ஆள் வந்து உங்கள் போருக்குக் கீழே கடை போட்டுவிட்டான். நல்லது ஒன்றைப் படிக்க சரசு நாலு விளம்பரத்தைத் தள்ள வேண்டியிருந்தது. உங்கள் மகள் கோகிலா சேலத்தில் வேலையில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். போனில் தெளிவாகத்தான் சொன்னாள்: "மாமா, நான் வந்து பாத்துக்கறேனுங்க. நீங்க எதையும் தொடாதீங்."

"நான் எதுக்கு சாமி தொடப்போறேன்?" என்றேன். சனிக்கிழமை காலையிலேயே தொட்டுவிட்டேன்.

ஒன்பதாவதோடு நின்றவன்தான். ஆனால் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன். நாமக்கல் மாவட்டத்திலேயே கம்ப்யூட்டரை முதலில் தொட்டவர்களில் நானும் ஒருத்தன் என்று பேச்சு உண்டு. அந்தப் பேச்சை ஆரம்பித்தது நான்தான் என்றாலும், இதுவரை யாரும் மறுத்ததில்லை. முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து, அதன் மூலையில் நின்றுபோயிருந்த கடிகாரத்தை எடுத்தேன். மேலிருந்து பூ விழுந்துகொண்டே இருந்ததே, அதை நிறுத்தினேன். பக்கம் சட்டென்று திறக்க ஆரம்பித்தது. எங்கேயும் போய்ச் சேராத பழைய இணைப்புகளை வெட்டினேன். சில படங்கள் வெறும் சாம்பல் கட்டமாக நின்றன. உங்கள் பழைய போனிலிருந்து அவற்றைத் தேடி எடுத்துத் திரும்ப ஒட்டினேன். அதில் ஒன்று, ராய்ச்சூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எடுத்தது. நம் வண்டியைச் சுற்றி பிள்ளைகள் குடத்தோடு நிற்கிறார்கள். கீழே ஊர்ப் பெயர் மட்டும் எழுதி, வேறொன்றும் எழுதாமல் விட்டிருந்தீர்கள்.

என்னைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு மாசம் உங்களோடு சமையலுக்கு வந்தேனே, அந்தப் பயணம். நான் சாம்பாரைக் கருகவிட்டது, உப்பை இரண்டு தடவை போட்டது, ஆந்திராக்காரருக்கே புளிச்சக்கீரையில் கோங்குரா வைக்கச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிளம்பியது எல்லாம் இருக்குமோ என்று பயந்தே படித்தேன். நீங்கள் எழுதியிருந்தது ஒரே வரி: 'மச்சான் வந்திருந்தார், சோறு எந்நேரமும் சூடாக இருந்தது.' அதில் பொய்யும் இல்லை, என் மானமும் போகவில்லை. எப்படி மாப்பிள்ளை எழுதினீர்கள்? நன்றி என்று சொன்னால் நீங்கள் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவீர்கள். இப்போது போக முடியாது, கேட்டுக்கொள்ளுங்கள். நன்றி.

அதற்கப்புறம்தான் பின்னூட்டங்களுக்கு வந்தேன். விளம்பரக்காரன் ஒவ்வொருத்தனும் கடைசியில் போன் நம்பர் போட்டிருந்தான். ஆகா, திருடனின் அடையாளம் கிடைத்துவிட்டது என்று, ஒவ்வொன்றாகப் படித்து மெனக்கெடாமல், நம்பர் இருந்ததற்கெல்லாம் டிக் போட்டுக்கொண்டே போனேன். கடைசியில் 'நிரந்தரமாக நீக்கவா?' என்று கேட்டது. தயங்கினால் மெஷின் நம்மை மதிக்காது. ஆம் என்று அமுக்கினேன்.

நம் தொழிலில் நம்பர் போடாமல் எவன் எழுதுவான், மாப்பிள்ளை? போர் போட்டு முடித்தால் குழாய் மூடியிலேயே பெயிண்டில் நம்பர் எழுதிவிட்டு வருகிற கூட்டம் நாம். அனந்தபூரில் குளித்தவரும் கடலை மூட்டை வாங்கி வந்தவரும் பேர், ஊர், நம்பர் என்று முறையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். குப்பையோடு அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

ஞாயிறு காலை. சரசு போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"ஏனுங்ணா, ஒண்ணையுங் காணோமே?"

"சுத்தம் பண்ணியிருக்கறேன் புள்ள."

"அது செரி. ஒருத்தருமே எழுதலையாட்டம் இருக்குதே." போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "அவ்வளவுதானா? அவரை மறந்துட்டாங்களா?"

டிக் போட்டுக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட ஒரு பின்னூட்டம் அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். "மறக்கறதா? நேத்துக்கூட ஒருத்தன் எழுதியிருந்தான். ராய்ச்சூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால உங்கூட்டுக்காரரு போட்டாரே, அந்தப் போர்ல தண்ணி அப்படி வருதாமா. புள்ளைங்க எல்லாம் அதுலதான் குடிக்குதாமா."

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அண்ணா, அதுல தண்ணியே வரலையேங்ணா!"

அப்புறம் சரசு சொல்லித்தான் எனக்கு அந்தக் கதை தெரிந்தது. நீங்கள் எவ்வளவோ ஆழம் இறக்கியும் அங்கே வெறும் மண்தான் பறந்ததாம். பிள்ளைகள் கடைசி வரைக்கும் குடத்தைக் கீழே வைக்காமல் நின்றார்களாம். நீங்கள் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தீர்களாம். 'மூடி போட்டுட்டு வந்திருக்கறேன் சரசு. ஒரு நல்ல மழை பேஞ்சா ஊறினாலும் ஊறும்' என்று சொன்னீர்களாம். அதிலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்திலும் டிவியில் ராய்ச்சூர்ப் பக்கம் மழை உண்டா என்று பார்ப்பீர்களாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"ஊறிருச்சுங்ணா! அவரு சொன்னாப்பலயே ஊறிருச்சு!" சாமி படத்துக்கு விளக்குப் போட்டாள். ஒப்பிட்டுப் போளிக்குக் கடலைப்பருப்பை ஊறப்போட்டாள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லியாயிற்று. இந்த ஒரு வருசத்தில் அவள் அப்படி நடந்து நான் பார்க்கவில்லை.

பத்து மணி பஸ்ஸில் கோகிலா வந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

"மாமா. என்ன பண்ணி வெச்சிருக்கறீங்?"

"சுத்தம்."

"இது சுத்தம் இல்லீங் மாமா, துடைச்சு வெச்சிருக்கறீங். கூட்டுமாறு எடுத்துக் கூட்டறேன்னு ஊட்டையே இடிச்சுத் தள்ளியிருக்கறீங்."

அவள் திட்டினது நியாயம். உங்கள் மகள் திட்டும்போதும் மரியாதைக்கு 'ங்' போட்டுத்தான் திட்டுகிறாள், நல்ல வளர்ப்பு. ஆனால் எங்களைக் காப்பாற்றியது நானும் இல்லை, அவளும் இல்லை, நீங்கள்தான். யார் எழுதினாலும் அதன் நகல் உங்கள் மெயிலுக்கு வரும்படி ஆரம்பத்திலேயே செய்து வைத்திருந்தீர்கள். எவ்வளவு அசதியானாலும் துளையிடும் ராடுகளைத் துடைத்து கிரீஸ் தடவாமல் படுக்காத ஆள், இதை மட்டும் விட்டுவிடுவீர்களா? மெயிலைப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னது நான். கோகிலா இதை ஒத்துக்கொள்ளமாட்டாள்.

அத்தனையும் அங்கே இருந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் அந்தந்த ஊருக்குக் கீழே கொண்டுபோய் ஒட்டினேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் படித்துத்தான் ஒட்டினேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, நீங்கள் எத்தனை ஊரில் எத்தனை அடுப்பில் உலை ஏறக் காரணமாக இருக்கிறீர்கள் என்று. இப்படி ஒரு மனுசனுக்கு என் தங்கச்சியைக் கொடுத்தோம் என்று நினைத்தபோது, எனக்கே என் மேல் மரியாதை வந்தது. நன்றி மாப்பிள்ளை, இதற்கும் சேர்த்து.

சாயங்காலம் சரசு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எல்லாம் வந்திருச்சாங்ணா? அந்த ராய்ச்சூர்க்காரரு எழுதினது எங்க? அதை ஒருக்கா நானே படிக்கோணும்."

"அது… எங்கியும் கைக்குச் சிக்கலை புள்ள."

கோகிலா மெதுவாகக் கேட்டாள். "எல்லாமே வந்திருக்குது. அது மட்டும் எப்படிங் மாமா வராமப் போகும்?"

நான் ஒப்பிட்டைத் தின்றுகொண்டிருந்தேன். இன்னொன்றையும் எடுத்து வாயில் போட்டேன். அவளும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்கவில்லை. இரண்டு நாளாக சரசு அந்த ராய்ச்சூர்ப் பக்கத்தையே திறந்து திறந்து பார்க்கிறாள்.

மாப்பிள்ளை, ஊருக்கெல்லாம் கதை அளக்கிறவன் உங்களிடம் அளந்தால் எடுபடாது. அப்படி ஒரு பின்னூட்டம் வரவே இல்லை. டிக் போட்டபோது நான் எதையும் படிக்கவும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் படம் கண்ணில் நின்றது, குடம் வைத்திருக்கிறார்களே, தண்ணீர் வந்திருக்கும் என்று நினைத்து நானாகச் சொன்னது அது.

இதை உங்கள் பக்கத்திலேயே போடுகிறேன். நாளைக் காலையில் சரசு படிப்பாள். திட்டட்டும், நான் இங்கேயேதான் இருப்பேன். தை பிறந்ததும் வடக்கே போகிற நம் வண்டி ஒன்றில் ஏறி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். மூடியைத் திறந்து ஒரு கல்லைப் போட்டுக் காதை வைத்துக் கேட்கிறேன். கல் தண்ணீரில் விழுந்தால் விழுந்தது என்று எழுதுகிறேன். மண்ணில் விழுந்தால் மண்ணில் விழுந்தது என்று எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டமாட்டேன்.

சரசுவின் அண்ணன், உங்கள் மச்சான்
பொன்னுசாமி
ஜேடர்பாளையம்