சோறில்லாத தூக்குப்போசி

12.6.1994, ஞாயிறு
அண்ணனைப் பார்க்க மடத்துக்குளம் போனோம். சர்க்கரை முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேட்டியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு பேசினார். எனக்கும் அதே நோய்தான். டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லி வருஷமாகிறது. குறைத்தேனா?

பஸ்ஸில் வரும்போதே வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன், "நாளைலிருந்து எனக்குச் சோறே வேண்டாம் சென்னம்மா."

"கொறைக்கத்தானுங்க சொன்னாரு டாக்டரு," என்றாள்.

நான் கேட்கவில்லை.

13.6.1994
தூக்குப்போசியில் முட்டைக்கோஸ் பொரியலும் அவித்த முட்டையும். பனியன் கம்பெனியில் எல்லோரும் தக்காளிச் சோறு தின்ன, நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கட்டிங் மேஜையில் நான் வெட்டும்போது துணியைப் பிடித்துக்கொள்ளும் காசிமாயன், "என்னண்ணே, விரதமா?" என்றான். ஆமாம் என்றேன்.

30.6.1994
டீக்கடையில் பன்னைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாங்கவில்லை. ஒரு பன்னுக்காக ஆம்பளைக்கு அழுகை வருமா? வந்தது.

19.7.1994
ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இறங்கியிருக்கிறது. சந்தோஷப்படத் தெம்பில்லை. மத்தியானமானால் கை நடுங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

6.8.1994
அவசர ஆர்டர். சாப்பாட்டுக்கு விடவில்லை. காலையில் சர்க்கரைக்கான மாத்திரை போட்டு மோர் குடித்ததோடு சரி. அடுக்கிய துணிக்குள் வெட்டுகிற மெஷினைத் தள்ளும்போது உடம்பெல்லாம் வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழிக்கும்போது தரையில் கிடக்கிறேன். துணியெல்லாம் ரத்தம். என்னுடையதில்லை. காசிமாயனுக்கு ஆள்காட்டி விரல் பாதி போய்விட்டது —
என்ன பண்ணிப்போட்டேன். என்ன பண்ணிப்போட்டேன் நான்.

8.8.1994
டாக்டர் திட்டினார். "மாத்திரையும் போட்டு வகுத்தையும் காயப்போட்டா மயக்கம் வராம என்னங்க பண்ணும்? சோத்தைக் கொறைங்கன்னேன். உட்டுப்போடுங்கன்னா சொன்னேன்?"

அங்கிருந்து காசிமாயனைப் பார்க்கப் போனேன். அவன் மனைவி ஒச்சாயி எழுந்து வெளியே போய்விட்டாள். அவன் மெதுவாகக் கேட்டான், "இன்னைக்காவது சாப்பிட்டீங்களாண்ணே?"
திட்டியிருக்கலாம்.

22.8.1994
"உங்கள மெஷின்ல நிறுத்தப் பயமா இருக்குதுங்க மாஸ்டர். தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் முதலாளி. நான் என்ன நினைக்க.

9.9.1994
வேலை கேட்டு அவிநாசி வரைக்கும் அலைந்துவிட்டேன். எனக்கு முன்னால் பேச்சு போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு கம்பெனியில் டீ கொடுத்து அனுப்பினார்கள், சர்க்கரை போட்டு. குடித்தேன்.

17.10.1994
இன்றுமுதல் சென்னம்மாள் வேலைக்குப் போகிறாள், தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்ட. சோறாக்கிக் கட்டிக் கொடுத்தேன். கம்பெனி வேன் வந்து நின்றது. "நேரத்துக்குத் தின்னுப்போடுங்க," என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

மத்தியானம் டாக்டர் சொன்ன அளவுக்கு ஒரு கரண்டிச் சோறு, மீதி கீரை. நேரத்துக்குத் தின்றேன். பசி அடங்கவில்லை. வட்டலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவளுக்கு ராத்திரிக்கு அரிசி ஊறவைத்தேன்.