மஞ்சள் துணி கட்டிய ப்ளாட்டுகள்

4 ஆகஸ்டு 2025, திங்கள், காலை 7.40. ஆய்வுக்குக் குறித்த பன்னிரண்டு ப்ளாட்டில் ஐந்து காலி.

கைவிட்ட தோட்டத்தில், பழைய ரப்பர் பால்மரங்களின் அடியில் தானாக முளைக்கும் காட்டுக் கன்றுகளை ஒன்றரை வருடமாக அளக்கிறேன். என் முதுகலை ஆய்வே அதுதான். இன்று ஐந்து மரத்தடியில் ஒரு கன்றுகூட இல்லை. கூட்டி, தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார்கள்.

குறியிடும் பிளாஸ்டிக் நாடாவைக் குரங்கு பிய்க்கிறது என்று போன மாதம்தான் பன்னிரண்டு மரத்திலும் துணி சுற்றினேன். மஞ்சள் துணி. தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று. நேற்று முனியாண்டி கோயில் திருவிழா. பழைய தோட்டத்துச் சனமெல்லாம் ஈப்போவிலிருந்து வந்திருக்கிறது. மஞ்சள் துணி கட்டிய மரத்தை என்னவென்று நினைப்பார்கள்? ஈப்போவின் தமிழர் பகுதியான புந்தோங்கில் பிறந்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

கோயில் தலைவர் சன்னாசியிடம் கத்தினேன்.

"சாமி மரம்னு நெனச்சோம் தம்பி. கீழ ஒரே குப்பை, கூட்டிட்டோம்."

"குப்பை இல்லண்ணே. அது என் மாஸ்டர்ஸ்."

"மாஸ்டர்ஸ மரத்தடியில போட்டு வச்சா கூட்டத்தான் செய்வாங்க லா."

கூட்டிய ஒரு மரத்தில் துணியை அவிழ்க்கப் போனேன். மாரியம்மா அக்கா குறுக்கே நின்றார். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று அந்த மரத்தில் வேண்டியிருக்கிறாராம். "எங்க, அவுத்துப் பாரு." அவிழ்க்கவில்லை. மீதி ஏழு மரத்தடியையும் வரும் ஞாயிறு கூட்டப் போகிறார்களாம்.

5 ஆகஸ்டு

வெள்ளிக்கிழமை முன்னேற்ற அறிக்கை. ஐந்து ப்ளாட் இல்லாமல் புள்ளியியல் நிற்காது. ஆய்வு தள்ளிப்போகும். உதவித்தொகை டிசம்பரோடு சரி. அப்புறம்?

6 ஆகஸ்டு

ஆய்வுக்கூடத்தில் கூடப் படிக்கும் தீபனிடம் சொன்னேன். "போன மாச நம்பர்ல ரெண்டு சென்டி கூட்டிப் போடு மச்சான். யாரு அந்தக் காட்டுல போயி அளக்கப் போறா?"

போட்டுவிட்டேன்.

8 ஆகஸ்டு, வெள்ளி, மதியம்

அறிக்கை போய்விட்டது. வழிகாட்டி டாக்டர் கலாதேவி உடனே அழைத்தார். "கோகிலன், இந்த அஞ்சு ப்ளாட்டும் ரொம்ப நல்லா வந்திருக்கே. நாளைக்குத் தோட்டத்துக்கு வாரேன், நேர்ல பாத்துடலாம்."

காட்டுப்பன்னி வந்துச்சுன்னு சொல்லலாமா? பன்னி கூட்டித் தண்ணி தெளிக்குமா? எருமை. நான்தான்.

அதே நாள், மாலை

அழைத்துச் சொல்லிவிட்டேன். துணி, அவர்கள் கூட்டியது, ரெண்டு சென்டி, எல்லாம்.

"வெக்கமா இல்ல?"

"இருக்கு டாக்டர்."

"நாளைக்குக் கண்டிப்பா வாரேன். எதையும் தொடாதீங்க."

9 ஆகஸ்டு, சனி

வந்தார். எலுமிச்சம்பழங்களை மிதிக்காமல் சுற்றி நடந்தார். கூட்டிய இடத்தில் மறுபடி எது முதலில் முளைக்கிறது என்று ஆரம்பத்திலிருந்து அளக்கச் சொன்னார். ஆறு மாதம் கூடும். உதவித்தொகைக்குத் தன்னால் சிபாரிசு செய்ய முடியாது என்றார். நானும் கேட்கவில்லை. துறைத் தலைவரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டுமாம்.

செய்ய வேண்டியவை:

1. திங்கள் காலை அறிக்கையைத் திரும்பப் பெறுவது. அப்படியே துறைத் தலைவர் அறைக்குப் போவது. தீபன் பெயரை இழுக்கக் கூடாது, நம்பர் போட்டது என் கை.

2. நாளை அவர்கள் விளக்குமாற்றோடு வருவதற்குள் ஏழு மரத்திலும் துணியை அவிழ்த்து நீலச் சாயம் அடிப்பது. சன்னாசி அண்ணன் சரி என்றார். "நீலத்துல நமக்குச் சாமி இல்ல, அடி."

3. ஜனவரியிலிருந்து டியூஷன் வேலை.

4. மாரியம்மா அக்கா மரத்துத் துணி மழையில் வெளுத்துவிட்டது. பிரசவம் அக்டோபரில். புதுசு வாங்கிக் கட்டணும்.