ஹாரனை அமுக்காத டிரைவர்

புரட்டாசி 9, வியாழன்.

காலையில் பரமத்தி வேலூரிலிருந்து பஸ்ஸில் நாமக்கல் வந்தேன். வழியில், வெற்றிலைக்கட்டு இறக்கிவிட்டு ஊர் திரும்பும் மாட்டுவண்டி ஒன்று நடுரோட்டில் எதிரே வந்தது. வண்டிக்காரர் படுத்துத் தூங்குகிறார். மாடுகளுக்குத்தான் வீட்டுக்கு வழி தெரியுமே! இருபுறமும் ஆழமான பள்ளம்.

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், “ஹாரனை அமுக்குய்யா!” என்று கத்தினேன்.

டிரைவர் எஞ்சினையே நிறுத்திவிட்டார். “அமுக்குனா மாடு மெரண்டு பள்ளத்துல எறங்கிருமுங்க வாத்தியாரே. ஆளு தூங்கறாருங்க.”

இறங்கிப் போய், மாடுகளைத் தடவிக்கொடுத்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து ஓரங்கட்டினார். பிறகுதான் ஆளை எழுப்பினார். ஒரு வசவு இல்லை.

“இடது ஓரமாவே ஓட்டிப் பழக்குங்க சாமி. பின்னால வர்ற பஸ்காரன் எறங்க மாட்டானுங்க.”

எப்பேர்ப்பட்ட மனிதர்! என் வகுப்பில் பாதிப் பேர் வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கங்கை எங்கே பிறக்கிறது என்றால் சொல்வார்கள். ரோட்டில் எந்தப் பக்கம் போவது என்றால் விழிப்பார்கள். நான் சொல்லிக்கொடுத்தால்தானே?

நாளை முதல் பாடம் இதுதான். ஆனால், நடந்ததைச் சொன்னால், ஹாரனை அமுக்கச் சொல்லிக் கத்தியது யார் சார் என்று கேட்பார்களே.