அட்டாலிக் கம்ப்யூட்டர்

செப். 24, புதன்

விடியறப்ப இருந்தே தூறல். துணி காயல. கேஸ் புக் பண்ணணும். காலாண்டு, பத்தாவது அறிவியல் பேப்பர் இன்னும் 41 பாக்கி. ஒருத்தன் தவளைக்கு நுரையீரல் மூணுன்னு எழுதியிருக்கான். மூணாவது எங்கடா சாமி இருக்குது?

மத்தியானம் தம்பி செந்தில் போன். ம.சமுத்திரத்துல அம்மா ஊடு ஒழுகுதாம். அட்டாலிப் பரண்ல இருக்கற சாமானையெல்லாம் ஒழிச்சாத்தான் ஆளு மேல ஏறி ஓட்டைப் பாக்க முடியுமாம். சரி ஒழின்னேன். அப்பறம் மெதுவா, "அந்தப் பழைய கம்ப்யூட்டர இரும்புக்காரனுக்குப் போட்டுரட்டுமாக்கா?"

ஸ்டாஃப் ரூம்னுகூடப் பாக்காம கத்திட்டேன். "தொட்டே, கைய ஒடிச்சுப்புடுவேன்." தமிழய்யா கண்ணாடிக்கு மேல பாத்தாரு. பாக்கட்டும்.

அதுல அப்பா குரல் இருக்குது. வேற எங்கயும் இல்ல. அவர் போனப்ப எனக்கு இருபது. போன்ல படம் புடிக்கற காலம் வரல. கல்யாண வீடியோன்னா அதுவும் கெடையாது, அம்மா கல்யாணத்துக்குப் போட்டோவே ரெண்டுதான். அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரே ஒருக்கா ரெக்கார்டு பண்ணினேன். அது மட்டுந்தான்.

செந்தில்: "அதான் வைரஸ் வந்து நீயே ஃபார்மட் போடச் சொன்னியேக்கா? எல்லாம் போயிருக்கும்."

நானா சொன்னேன்? ஞாபகமே இல்ல. அதுக்கப்பறம் ஒரு பேப்பர்கூட ஓடல.

செப். 25, வியாழன்

மழை இல்ல, புழுக்கம். ஹால் டியூட்டி மூணு மணி நேரம். நடக்க நடக்க அந்த நெனப்புதான்.

கம்ப்யூட்டர் வந்த நாளு. நான் ப்ளஸ் ஒன். அப்பா போர்வெல் வண்டி டிரைவர், வருசத்துல பத்து மாசம் வெளிமாநிலத்துல குழி போட்டுட்டு இருப்பாரு. அங்க மழை புடிச்சா வண்டி நிக்கும், அப்பத்தான் ஊட்டுக்கு வருவாரு. அந்தத் தடவை வந்த மறுநாளே தி.கோடு டவுனுக்குப் போனாரு. பொழுதோட ஒரு டெம்போ வந்து நின்னுச்சு. மானிட்டர மடியில வெச்சு லுங்கியால சுத்திப் புடிச்சுட்டு உக்காந்திருக்காரு, ஆஸ்பத்திரில இருந்து கொழந்தைய எடுத்துட்டு வர மாதிரி. "கதவ அகலமாத் தொற, கதவ அகலமாத் தொற"ன்னு தெருவுக்கே கேக்கச் சத்தம்.

சட்டதிட்டம் அம்மா போட்டுது. கால் கழுவாம உள்ள வரக் கூடாது. பக்கத்துல உக்காந்து திங்கக் கூடாது. இடி இடிச்சா ஒயரப் புடுங்கிறணும். இளம்பிள்ளை ஊர்த் தறிச் சேலை ஒண்ணக் கிழிச்சு எல்லாத்துக்கும் உறை தெச்சுது, ஜரிகை மேல தெரியற மாதிரி. மௌசுக்குக்கூட குட்டியா ஒரு சட்டை!

அப்பாவுக்கு டபுள் கிளிக் கடைசி வரைக்கும் வரல. நட்டு முடுக்கற கை. "மெதுவாத் தட்டுங்கப்பா." "மெதுவாத்தான் கண்ணு தட்டறேன், அது கேக்க மாட்டீங்குது." மௌசைத் தூக்கித் தூக்கி வெப்பாரு. ஆனா சீட்டாட்டம் கத்துக்கிட்டாரு. மொதத் தடவை செயிச்சப்ப சீட்டெல்லாம் திரையில குதிச்சு ஓடுச்சு. "ஏ, இங்க வா, ஓடியா!"ன்னு போட்ட சத்தத்துல மாட்டுக்கிட்ட இருந்த அம்மா பால் சொம்போட ஓடி வந்துது. அதுக்குள்ள சீட்டு நின்னு போச்சு. அம்மா பாக்கோணும்னு மறுபடியும் செயிக்க ஒண்ணரை மணி நேரம் உக்காந்தாரு மனுசன். செயிக்கல.

இப்ப ஊட்டுல லேப்டாப் ரெண்டு, போன் நாலு. ஒருத்தரும் ஒருத்தரையும் ஓடியான்னு கூப்பிடறதில்ல.

செப். 27, சனி

லீவு ஆரம்பம். பள்ளிபாளையத்துல இருந்து காலைல ஏழரை பஸ். வாங்கினது: பொரி, கடலை, அம்மாவுக்கு முட்டி வலித் தைலம்.

செந்தில் கம்ப்யூட்டர எறக்கி வெச்சிருந்தான். மானிட்டர் இல்ல, அது எப்பவோ ஒடைஞ்சு போச்சு. சிபியூ மட்டும், சேலை உறையோட. உறையக் கழட்டினேன். நெத்தியில சந்தனம், குங்குமம். அதுக்கடியில காஞ்சு வெடிச்ச சந்தனம், அதுக்கும் அடியில இன்னும் பழசு. சொரண்டினா ஏடு ஏடா வருது.

"என்னம்மா இது?"

"ஆயுத பூசைக்கு வருசா வருசம் பொட்டு வெக்கறேனில்ல. எறக்கி, அப்பா ஸ்பேனருக்குப் பக்கத்துல வெச்சு, சூடங் காட்டிட்டு மறுபடியும் ஏத்திருவேன்."

"அறுவத்தெட்டு வயசுல ஏணி ஏறி?"

"நீ வந்து எறக்கித் தாரியா?"

கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒரு ஆயுத பூசைக்குக்கூட இங்க நான் இருந்ததில்ல. மாமியார் ஊடு, இவரோட மில்லு பூசை, பிள்ளைங்க சைக்கிளு.

"ஓடாத மிசினுக்கு எதுக்கும்மா பொட்டு?"

"அவரு வாங்கியாந்ததுதான?"

அப்பறம் கீரை ஆஞ்சுக்கிட்டே, என்னைப் பாக்காமயே சொல்லுச்சு. "மூஞ்சி போட்டோவுல இருக்குது கண்ணு. குரலுதான் வர மாட்டீங்குது. அவரு கூப்பிடற மாதிரி நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், செந்தில் குரலாட்டத்தான் கேக்குது."

ஒடனே வாய விட்டுட்டேன். "இதுக்குள்ள இருக்குதும்மா. புதங்கெழமை பூசைக்குள்ள கேக்க வெக்கறேன்."

அம்மா கீரையக் கீழ வெச்சுருச்சு. "நெசமாவா?"

செந்தில் என்னை மொறைச்சான். மொறைக்கறது நியாயந்தான். இல்லீன்னா என்ன பண்ணுவேன்?

சிபியூவ சாக்குல கட்டி மடியில வெச்சுக்கிட்டுப் பஸ்ல வந்தேன். கண்டக்டர், "லக்கேஜா டீச்சர்?" இல்லப்பா.

செப். 28, ஞாயிறு

தலைக்குக் குளிச்சது. மாவு ஆட்டணும், ஆட்டல. பேப்பர் 19 முடிஞ்சுது.

ரெக்கார்டு பண்ணின அன்னிக்கும் ஆயுத பூசைதான். அப்பாவுக்கு ஒரு கண்டிசன்: மிசின ஓட்டிக் காட்டிட்டுத்தான் சூடம். போர் வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஒரு உறுமு உறும விடுவாரு. ஊட்டுல அம்மா கிரைண்டர ஒரு சுத்து சுத்தும். கம்ப்யூட்டரும் ஓடோணும். நான் ரெக்கார்டரத் தொறந்து செவப்புப் பொத்தானை அமுக்கினேன். அது ஒரு நிமிசந்தான் புடிக்கும், அறுபது செகண்டுல தானா நின்னுரும். அப்பா பக்கத்துல ஸ்டூல்ல, புது வேட்டி, கையில சூடத் தட்டு. "நல்லாப் படி கண்ணு, அப்பா இருக்கறேன்"னாரு.

என் பிள்ளைங்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன் இத. இவர் இன்னிக்கு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. "போன வருசம் 'அப்பா இருக்கறப்ப என்ன கவலை'ன்னு சொன்னாருன்னியே?"

சுள்ளுன்னு கோவம் வந்துச்சு. ஆனா நெசமாவே எது? தெரியல.

செப். 29, திங்கள்

தி.கோடு. பாலு அண்ணன் கடை. அன்னிக்கு எங்க கம்ப்யூட்டர மாட்டிக் குடுத்தவரே இவருதான். அப்ப ஒல்லி, சட்டைப் பையில ஸ்க்ரூடிரைவர். இப்பத் தொப்பை, கடை முச்சூடும் சிசிடிவி கேமரா. எந்தப் பக்கம் திரும்பினாலும் டிவில என் மூஞ்சி. தலையாவது வாரிட்டுப் போயிருக்கலாம்.

சாக்கப் பிரிச்சதும், "ஏனுங் டீச்சர், கோயில்ல இருந்தா தூக்கிட்டு வந்தீங்க?"

உள்ள பல்லி முட்டை ரெண்டு, ஒரு கை தூசி, நாலு பொரி. அம்மா போட்ட பொரிதான், ஓட்டை வழியாப் போயிருக்குது. பாலு அண்ணன் பொரிய எடுத்துத் தனியா ஒரு காயிதத்துல வெச்சாரு. தூக்கிப் போடல.

டிஸ்க்கக் கழட்டிப் பழைய கேபிள்ல மாட்டினாரு. டக். டக். டக். "சத்தம் செரியில்லீங்களே." ஃபார்மட் போட்ட கதையச் சொன்னேன்.

"நாந்தானுங்க போட்டேன். சி டிரைவத்தான் அழிப்பேன். டி-யில கை வெக்கவே மாட்டேன், ஊட்டு ஆளுங்க சாமானெல்லாம் அதுலதான் இருக்கும். நீங்க எதுல வெச்சீங்க?"

எதுல வெச்சேன்? நேத்து வெச்ச பீரோ சாவியே இன்னும் கெடைக்கல எனக்கு.

"உட்டுட்டுப் போங்க, பாக்கறேன். வெசனப்படாதீங்க."

வெசனப்படாம? பொழுதோட அம்மா போன். வழக்கமா நான்தான் கூப்பிடுவேன். "கெடச்சுதா?" வேற பேச்சே இல்ல, சாப்டியான்னுகூடக் கேக்கல.

செப். 30, செவ்வாய்

நல்ல வெயில். பதினொரு மணிக்கு பாலு அண்ணன் கூப்பிட்டாரு. டி-யில பதினொரு ஃபைல். பன்னெண்டாவது எடுக்கறப்ப டிஸ்க்கு நின்னு போச்சாம். "இனி எந்திரிக்காதுங்க."

கடைக்குப் போனதும் சிபியூவச் சாக்குல கட்டிக் குடுத்துட்டு, பென் டிரைவக் கையில வெச்சாரு. "சத்த ஃபைலு ஒண்ணு இருக்குதுங்க. நான் கேக்கல. அது உங்க ஊட்டுது."

பதினொண்ணுல: நான் வரைஞ்ச படம் ஏழு (எல்லாம் ஊடு, தென்னை, சூரியன். ஊட்டுக்குப் பச்சைக் கூரை ஏன்னு தெரியல). செந்தில் அடிச்ச லீவு லெட்டர் ரெண்டு, ரெண்டுலயும் வயித்து வலி. டைம்டேபிள் ஒண்ணு. அப்பறம் அது.

ஊட்டுல ஆரும் இல்ல. கதவச் சாத்திட்டுப் போட்டேன்.

மொதல்ல கரகரன்னு. அப்பறம் ஒரு புள்ளை, கீச்சுக் குரல்ல: "அப்பா, பேசாதீங்க. அறுபது செகண்டுதான் புடிக்கும். நான் முடிக்கறவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

நாந்தான் அது.

அதுக்கப்பறம் இங்கிலீஷ். லீவு முடிஞ்சு பேச்சுப் போட்டி இருந்துச்சு, தண்ணிய மிச்சம் பண்றதப் பத்தி. மனப்பாடம் பண்ணினத ஒப்பிக்கறேன். அப்பா பேசவே இல்ல. நான் பேசாதீங்கன்னேன், அவரு பேசல. பத்து மாசம் ஊர் ஊராச் சுத்திட்டு வந்த மனுசன், சூடத் தட்ட வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்காரு. நடுவுல ஒரு செருமல். அதுக்கு நான் "ப்ச்"சுங்கறேன். சொல்லியிருக்கேன், கேக்குது.

முக்காவாசியில நிறுத்திட்டேன். அந்தப் புள்ளை கொரல இன்னும் கேட்டா லேப்டாப்பயே ஒடைச்சிருப்பேன்.

"நல்லாப் படி கண்ணு" எங்கயும் இல்ல. நானா கட்டிக்கிட்டது போல. இருவது வருசமா.

நாளைக்கு அம்மாகிட்ட என்ன சொல்றது? டிஸ்க்கு போயிருச்சுன்னுரலாம். பாதி நெசந்தான். இவர்கிட்டக் கேட்டேன். "அம்மாவுக்கு நீ பயப்படறியா, அந்தப் புள்ளைக்குப் பயப்படறியா?"ங்கறாரு. நல்ல நேரத்துலதான் இவருக்கு அறிவு வரும்.

அப்பா, தெரியாமச் சொல்லிட்டேன். ஒரு நிமிசத்துல அஞ்சு செகண்டு உங்களுக்கு உட்டிருக்கலாம். போட்டியில ஆறுதல் பரிசுகூட வாங்கல நான்.

அக். 1, புதன், ஆயுத பூசை

மாமியார்கிட்டச் சொல்லிட்டு ஆறு மணிக்கே கெளம்பிட்டேன். மொகம் தூக்குனாங்க. தூக்கட்டும். பஸ்சுல, லாரியில எல்லாம் வாழக்கன்னு. வானம் மூட்டம், மழை இல்ல.

அம்மா வாசல் தெளிச்சு, எல்லாத்தயும் கழுவி அடுக்கி வெச்சிருந்துது. அருவா, கிரைண்டர், செந்தில் பைக்கு, அப்பா ஸ்பேனர். நடுவுல ஒரு எடம் காலி. சிபியூவ அதுல வெச்சேன். உள்ள டிஸ்க்கு செத்துப் போச்சுன்னு செந்திலுக்கு மட்டும் சொன்னேன். அம்மா புதுச் சந்தனம் வெச்சுது. லேப்டாப்புக்கும் ஒண்ணு.

"ஓட்டிக் காட்டு. அப்பறந்தான் சூடம்."

"அம்மா, அதுல நாந்தான் பேசறேன். அப்பா…"

"போடு கண்ணு."

போட்டேன். பேசாதீங்கப்பான்னு அந்தப் புள்ளை கத்துது. அம்மா சிரிச்சுது, "அன்னிக்கே நீ டீச்சருதான்." எனக்குத் தலை நிமிரல. இங்கிலீஷு ஓடுது. செருமல் வந்துச்சு. அம்மா டக்குன்னு என் கையப் புடிச்சுது. "அவரு! அவரேதான். பீடி விட்டப்பறம் இப்படித்தான் செருமுவாரு." செந்தில் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

நேத்து நிறுத்தின எடம் வந்துச்சு. நிறுத்தக் கை போச்சு. அம்மா உடல.

தேங்க் யூன்னு முடிக்கறேன். ஃபேன் சத்தம். ஸ்டூல் நகருது. அப்பறம் ஒரு ஆம்பளக் குரல், மெதுவா, பயந்துக்கிட்டே கேக்கற மாதிரி:

"இனி அப்பா பேசலாமா கண்"

அறுபது செகண்டு ஆயிருச்சு. நின்னு போச்சு.

சூடம் பத்த வெக்காமத் தட்டுல கெடக்குது. அம்மா லேப்டாப்பப் பாத்து, "பேசுங்க"ன்னுச்சு.

மறுபடியும் மொதல்ல இருந்து போட்டேன்.